யாரை எடுப்பது?

மாலை நேரம். பள்ளி விட்டாயிற்று. தெருவில் பிள்ளைகள் கபடி ஆடப் போகிறார்கள். முதலில் இரண்டு தலைவர்கள் வேண்டும். பிறகு ஆள் பிரிக்க வேண்டும். ஒரு தலைவன் ஒருவனைக் கூப்பிடுகிறான். அடுத்த தலைவன் இன்னொருவனைக் கூப்பிடுகிறான். மாறி மாறி எடுக்கிறார்கள். பலசாலி முதலில் போய்விடுகிறான். மெலிந்த பையன் கடைசியில் நிற்கிறான்.

யார் முதலில் எடுப்பது? இதில்தான் சண்டை வரும். முதலில் எடுப்பவனுக்குத்தானே நல்ல ஆள் கிடைப்பான்!

இதே வேலையைப் பெரியவர்களும் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் இது நடக்கிறது. மூன்று நாள் நடக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். முறை வைத்து ஆள் எடுப்பது என்று சொல்லலாம்.

என்ன ஆட்டத்துக்கு? கால்பந்துக்கு. ஆனால் நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. பெயர்தான் கால்பந்து. ஆடுவது பெரும்பாலும் கையால். பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூர்ந்து, பெரிய மாங்காய் போல இருக்கும். அதைக் கையில் இடுக்கிக் கொண்டு ஓடலாம். தூக்கி எறியலாம். எதிர் அணியார் ஓடுகிறவரைப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். கபடியில் பிடிப்பது போலத்தான். அடி பலமாகப் படும். அதனால் தலையில் கவசம் போடுகிறார்கள்.

ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு 11 பேர் ஆடுவார்கள். ஆனால் அணியில் 53 பேர் இருப்பார்கள். ஏன் இத்தனை பேர்? பந்து நம் கையில் இருந்தால் ஒரு கூட்டம் ஆடும். எதிரி கையில் இருந்தால் வேறு கூட்டம் இறங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. ஒருவர் எறிவார். சிலர் ஓடிப் போய்ப் பிடிப்பார்கள். உடல் பருத்த ஐந்து பேர் சுவர் போல நின்று தடுப்பார்கள். எறிபவர்தான் அணிக்கு மூளை. அவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். இங்கே எறிபவர் என்றே சொல்லலாம். எறிபவர் நன்றாக இல்லை என்றால் மற்ற 52 பேரும் என்ன செய்ய முடியும்?

கடைசி அணிக்கு முதல் முறை

டிராஃப்ட் எப்படி வந்தது? பழைய கதை அது. 1930-களில் அமெரிக்காவில் பெரிய பஞ்சம். வேலை இல்லை. பணம் இல்லை. கால்பந்து அணிகளும் தள்ளாடின. கல்லூரியில் நன்றாக ஆடும் பையன்களை எல்லா அணிகளும் தேடின. பணம் உள்ள அணி அதிகச் சம்பளம் சொல்லும். பையன் அங்கேயே போவான். ஏழை அணி தோற்றுக் கொண்டே இருக்கும். தோற்கும் அணியைப் பார்க்க யார் வருவார்கள்? ஆள் வராவிட்டால் பணம் வராது. பணம் வராவிட்டால் மறுபடியும் தோல்வி.

பிலடெல்பியா நகரத்து அணியும் அப்படித் தோற்ற அணிதான். அதன் உரிமையாளர் பெர்ட் பெல். அவர் 1935-இல் ஒரு யோசனை சொன்னார். கல்லூரி முடித்த வீரர்களின் பெயர்களை எழுதுவோம். சென்ற ஆண்டு கடைசியில் வந்த அணி முதலில் எடுக்கட்டும். முதலில் வந்த அணி கடைசியில் எடுக்கட்டும். இதுதான் யோசனை. வெற்றி பெற்ற அணிகளும் இதற்கு ஒப்புக் கொண்டன. எதிர்த்து ஆட நல்ல அணிகள் இருந்தால்தானே ஆட்டம் நடக்கும்!

1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட் நடந்தது. பிலடெல்பியாவில் ஒரு ஓட்டல் அறையில் நடந்தது. அப்போது ஒன்பது அணிகள். பலகையில் 90 பெயர்கள். ஒன்பது சுற்றுகளில் 81 பேரை எடுத்தார்கள். முதலில் எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர் என்ற இளைஞர். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசிவரை அந்தப் பெரிய அணிகள் எதிலும் ஆடவில்லை. வேறு தொழிலுக்குப் போனார்.

இப்போது 32 அணிகள் இருக்கின்றன. ஏழு சுற்றுகள் நடக்கின்றன. சுமார் 250 இளைஞர்கள் எடுக்கப்படுகிறார்கள்.

இந்த முறையில் அணிகளுக்கு நியாயம் கிடைக்கிறது. வீரனுக்கு? அவனுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எடுத்த அணிக்குத்தான் அவன் போக வேண்டும். கடல் ஓரத்தில் வளர்ந்த பையன் பனி கொட்டும் ஊருக்குப் போவான். தாயை விட்டு மூவாயிரம் கிலோமீட்டர் போவான். எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டானோ, அதை வைத்தே அவன் சம்பளம். 2011-இல் ஏற்பட்ட ஒப்பந்தம் முதல் இப்படி நடக்கிறது. வீரர்களின் சங்கமும் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நாலைந்து ஆண்டுகள் கழித்துத்தான் அவன் விருப்பம் போல அணி மாறலாம். அதற்குள் கால் முறிந்தால் போயிற்று. ஏழை அணியைக் காப்பாற்றும் செலவில் ஒரு பங்கு இந்த இளைஞன் தலையில்தான் விழுகிறது.

ஊருக்குச் சொந்தமான அணி

அமெரிக்காவின் வடக்கே விஸ்கான்சின் என்ற மாநிலம் இருக்கிறது. பால் வளம் மிக்க மாநிலம். அங்கே பெரிய ஏரிக்கரையில் கிரீன் பே என்ற ஊர் இருக்கிறது. மக்கள் தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். குளிர் காலத்தில் எங்கும் பனி. இந்தச் சின்ன ஊருக்கு ஓர் அணி உண்டு. அதன் பெயர் பேக்கர்ஸ். நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களின் அணிகளோடு இது மோதுகிறது.

1919-இல் இந்த அணி தொடங்கியது. இறைச்சியை டப்பாவில் அடைக்கும் ஒரு கம்பெனி சட்டை வாங்கப் பணம் கொடுத்தது. அப்படி அடைப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் பேக்கர் என்று பெயர். அதுவே அணியின் பெயர் ஆயிற்று.

சில ஆண்டுகளில் பணமுடை வந்தது. அணி மூழ்கும் நிலை. 1923-இல் ஊரார் பங்கு போட்டார்கள். ஒரு பங்கு ஐந்து டாலர். கடைக்காரர் வாங்கினார். தொழிலாளி வாங்கினார். நம் நாட்டில் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்வது போல என்று நினைக்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இந்தப் பங்குக்கு லாபம் கிடையாது. விலை ஏறாது. வெளியாருக்கு விற்கவும் முடியாது. ஒரு தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டத்துக்குப் போகலாம். ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவுதான். அப்படியும் இன்று ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். கடைசியாக 2021-இல் பங்கு விற்றார்கள். அப்போது ஒரு பங்கு 300 டாலர்.

மற்ற 31 அணிகளும் பணக்காரர்கள் கையில் இருக்கின்றன. உரிமையாளர் நினைத்தால் அணியை வேறு ஊருக்குக் கொண்டு போகலாம். சில அணிகள் அப்படிப் போயும் இருக்கின்றன. பேக்கர்ஸ் அணியை யாரும் தூக்கிக் கொண்டு போக முடியாது.

இந்தச் சின்ன ஊர் பிழைத்ததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று டிராஃப்ட். மற்றொன்று 1960-களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு. நாடு முழுவதும் ஆட்டங்களைக் காட்டும் தொலைக்காட்சிப் பணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக் கொள்கின்றன. நியூயார்க்குக்கு எவ்வளவோ, கிரீன் பேக்கும் அவ்வளவு. இவை இல்லை என்றால் கிரீன் பே எப்போதோ காணாமல் போயிருக்கும். இதுவரை 13 முறை இந்த அணி பட்டம் வென்றிருக்கிறது. வேறு எந்த அணியும் இத்தனை முறை வெல்லவில்லை.

ஓட்டையை அடைப்பதா, நல்ல ஆளை எடுப்பதா?

அணி ஊருக்குச் சொந்தம். ஆனால் யாரை எடுப்பது என்று ஊர் சொல்ல முடியாது. அதற்கு ஒரு மேலாளர் இருக்கிறார். அவர்தான் முடிவு செய்வார். ஊராருக்கு மிஞ்சியது பேச்சு. அந்தப் பேச்சு ஆண்டு முழுவதும் நடக்கும். முடி வெட்டும் கடையில் நடக்கும். சர்ச் வாசலில் நடக்கும். ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும்.

ஒருவர் சொல்வார்: "நம்மிடம் பந்து பிடிக்க ஆள் இல்லை. முதல் சுற்றில் பிடிப்பவரைத்தான் எடுக்க வேண்டும்."

மற்றவர் மறுப்பார்: "அவசரத்துக்கு ஆள் எடுத்தால் மோசம் போவோம். நம் முறை வரும்போது இருப்பவர்களில் யார் சிறந்தவரோ அவரை எடுக்க வேண்டும். அவர் என்ன வேலை செய்பவராக இருந்தால் என்ன?"

வீட்டில் கூரை ஒழுகுகிறது. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதே நேரம் பக்கத்து நிலம் மலிவாக வருகிறது. கூரை வேய்வதா, நிலம் வாங்குவதா? கூரையை விட்டால் இன்று நனைய வேண்டும். நிலத்தை விட்டால் நாளை வருந்த வேண்டும். குடும்பத்தில் இருவர் இரண்டு விதமாகத்தான் பேசுவார்கள். கிரீன் பே மக்களின் வாதமும் இதுதான்.

தவறாகப் போன கதை ஒன்றை அந்த ஊரில் எல்லாரும் சொல்வார்கள். 1989-இல் பேக்கர்ஸுக்கு இரண்டாவது முறை கிடைத்தது. டோனி மாண்டரிச் என்ற தடுப்பவரை எடுத்தார்கள். மலை போன்ற உடல். பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்தன. ஆனால் அவர் அங்கே சோபிக்கவில்லை. மூன்று ஆண்டுகள்தான் களத்தில் ஆடினார். அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவர் யார்? பேரி சாண்டர்ஸ். பந்தோடு ஓடுவதில் அவருக்கு இணை மிகச் சிலரே. அவர் டெட்ராய்ட் அணிக்குப் போனார். பல ஆண்டுகள் பேக்கர்ஸுக்கு எதிராகவே ஓடினார்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1956-இல் பதினேழாவது சுற்றில் ஒருவரை எடுத்தார்கள். 200-ஆவது ஆள். பெயர் பார்ட் ஸ்டார். யாரும் அவரைப் பெரிதாக நினைக்கவில்லை. அவர் ஐந்து பட்டங்கள் வாங்கித் தந்தார். 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் ஒரு ஆட்டம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி. மைதானம் பாறையாக உறைந்து கிடந்தது. கடைசி சில நொடிகளில் ஸ்டார் தாமே பந்தோடு உள்ளே பாய்ந்தார். அணி வென்றது. 50 ஆயிரம் பேர் அந்தக் குளிரில் உட்கார்ந்து பார்த்தார்கள். இன்றும் பெரியவர்கள் அதைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

காளை இருக்கும்போதே கன்று

இனி வரும் கதைதான் ஊரை இரண்டாகப் பிரித்தது.

பிரெட் ஃபார்வ் என்பவர் 1992 முதல் பேக்கர்ஸின் எறிபவர். ஊருக்கே செல்லப் பிள்ளை. 1997 தொடக்கத்தில் பட்டம் வாங்கித் தந்தவர். 2005-இல் அவருக்கு வயது 35. இன்னும் நன்றாகவே ஆடினார்.

அந்த ஆண்டு டிராஃப்ட்டில் ஆரன் ராட்ஜர்ஸ் என்ற இளைஞர் இருந்தார். அவரும் எறிபவர். முதல் ஆளாகவே எடுக்கப்படுவார் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு அணியும் அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் அறையில் உட்கார்ந்திருந்தார். கேமரா அவர் முகத்தையே காட்டியது. நாலு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார். 24-ஆவது முறை பேக்கர்ஸுடையது. அவர்கள் எடுத்தார்கள்.

ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. உழுகிற காளை நன்றாக இருக்கும்போது கன்று எதற்கு? இந்த ஆண்டு ஆட ஒரு ஆளை எடுத்திருக்கலாமே! மேலாளர் டெட் தாம்சன் அசையவில்லை. கன்றை வாங்கி வளர்த்தால்தான் பிறகு காளை கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

ராட்ஜர்ஸ் மூன்று ஆண்டுகள் ஓரத்தில் உட்கார்ந்தார். 2008-இல் ஃபார்வ் ஓய்வு என்று அறிவித்தார். அழுதார். சில மாதங்களில் மனம் மாறித் திரும்பி வந்தார். அணி அவரை ஏற்கவில்லை. நியூயார்க் அணி ஒன்றுக்கு அனுப்பிவிட்டது. ஊர் கொதித்தது. பயிற்சி ஆட்டத்தில் சிலர் ராட்ஜர்ஸைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அந்தப் பையன் என்ன தவறு செய்தார்? அவராக வந்து கேட்கவில்லை. அணிதான் அவரை எடுத்தது.

அந்த ஆண்டு பேக்கர்ஸ் 16 ஆட்டங்களில் 10-இல் தோற்றது. மேலாளரைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் 2011 பிப்ரவரியில் ராட்ஜர்ஸ் பட்டம் வாங்கித் தந்தார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை நான்கு முறை பெற்றார். கூச்சல் போட்டவர்களே அவர் எண் போட்ட சட்டையை வாங்கி அணிந்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. 2020 வந்தது.

இப்போது ராட்ஜர்ஸுக்கு வயது 36. அணி இறுதி ஆட்டத்துக்கு ஒரே ஒரு படி குறைவாக நின்றது. ஊரார் எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். பிடிக்க நல்ல ஆள் வேண்டும்! அந்த ஆண்டு நல்ல பிடிப்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கொரோனா காலம் அது. மேலாளர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆள் எடுத்தார்கள். புதிய மேலாளர் பிரையன் குடேகுன்ஸ்ட் என்ன செய்தார்? பின்னால் வரும் ஒரு முறையை விட்டுக் கொடுத்தார். தம் முறையை 30-இலிருந்து 26-க்கு முன்னால் கொண்டு வந்தார். ஜோர்டன் லவ் என்ற எறிபவரை எடுத்தார்! ஏழு சுற்றிலும் ஒரு பிடிப்பவரைக்கூட எடுக்கவில்லை.

மறுபடியும் கன்று. ஆனால் இந்தக் காளைக்கு வயது தெரியவே இல்லை. 2020, 2021 இரண்டு ஆண்டும் ராட்ஜர்ஸே சிறந்த ஆட்டக்காரர். ஆனால் இரண்டு ஆண்டும் அணி கடைசிப் படிகளில் சறுக்கியது. சொந்த மைதானத்திலேயே தோற்றது. "அன்று ஒரு பிடிப்பவரை எடுத்திருந்தால்..." என்று ஒரு பக்கம் பெருமூச்சு.

2023-இல் ராட்ஜர்ஸ் நியூயார்க்குப் போனார். ஃபார்வ் போன அதே அணிக்கு. முதல் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் அவர் குதிகால் நரம்பு அறுந்தது. அந்த ஆண்டு முழுவதும் ஆட முடியவில்லை. கிரீன் பேயில் லவ் எறிபவர் ஆனார். 2024 ஜனவரியில் டல்லஸ் அணியை அதன் ஊரிலேயே வென்றார். "பார்த்தீர்களா?" என்றது மறு பக்கம்.

யார் சொன்னது சரி? மேலாளர் எதிர்காலத்துக்கு ஆள் சேர்த்தார். அது பலித்தது. அதற்கு விலையாகப் போனது கைக்கு எட்டிய ஒரு பட்டமாக இருக்கலாம். அந்தப் பிடிப்பவரை எடுத்திருந்தாலும் தோற்றிருக்கலாம். நடக்காத ஆட்டத்துக்குக் கணக்குப் போட யாரால் முடியும்? வாதம் ஓயாததற்கு அதுவே காரணம்.

ஊருக்கே வந்த டிராஃப்ட்

2025 ஏப்ரலில் டிராஃப்ட் கிரீன் பேயிலேயே நடந்தது. மூன்று நாட்களில் ஆறு லட்சம் பேர் வந்ததாக அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். ஊர் மக்கள் தொகையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பாலாடைக்கட்டித் துண்டு போன்ற மஞ்சள் தொப்பிகள் எங்கும் தெரிந்தன. பால் மாநிலத்து ரசிகர்களின் அடையாளம் அது.

பேக்கர்ஸின் முறை 23-ஆவது. ஊராருக்கு ஒரு பழைய குறை இருந்தது. 2002-க்குப் பிறகு முதல் சுற்றில் அணி ஒரு பிடிப்பவரைக்கூட எடுத்ததில்லை. 22 டிராஃப்ட்டுகள் போய்விட்டன. மேலாளர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். ஜோர்டி நெல்சன், தவாந்தே ஆடம்ஸ் போன்ற நல்ல பிடிப்பவர்கள் இரண்டாம் சுற்றிலேயே கிடைத்தார்களே என்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் ஊரார் மனம் ஆறவில்லை.

அணித் தலைவர் மார்க் மர்பி மேடை ஏறினார். பெயரைப் படித்தார். மேத்யூ கோல்டன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்து இளைஞர். பிடிப்பவர்!

கூட்டம் எழுப்பிய ஓசையில் அடுத்த சொல் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப் பிடித்துக் கொண்டார்கள்.

அந்த மகிழ்ச்சி எத்தனை நாள் இருந்தது? நான்கு மாதம். ஆகஸ்டு கடைசியில் பேக்கர்ஸ் ஒரு பெரிய முடிவு எடுத்தது. டல்லஸ் அணியிலிருந்து மைக்கா பார்சன்ஸ் என்ற வீரரை வாங்கியது. எதிர் அணியின் எறிபவரைத் துரத்திப் பிடிப்பதில் வல்லவர் அவர். பதிலுக்குத் தன் வீரர் ஒருவரைக் கொடுத்தது. கூடவே 2026, 2027 இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று முறைகளையும் கொடுத்துவிட்டது. எப்போதும் நாளைக்கு என்று சேர்த்து வைத்த அணி இது. இப்போது நாளைய விதை நெல்லை இன்றைக்கே சமைத்துவிட்டது.

முடி வெட்டும் கடையில் மறுநாள் காலையிலேயே பேச்சு தொடங்கிவிட்டது.